திரையில் 'நெட்ஃப்ளிக்ஸ்'... தொட்டால் வேறு தளம்! - எக்ஸ் சறுக்கிய கதை

2024 ஏப்ரல் மாதம். ஐபோனில் எக்ஸ் செயலியைத் திறந்த சிலருக்கு ஒரு பதிவில் 'நெட்ஃப்ளிக்ஸ்.காம்' என்ற லிங்க் தெரிந்தது. தொட்டால் போனதோ நெட்ஃப்ளிக்ஸுக்கு அல்ல. யாரோ புதிதாக வாங்கிய வேறொரு தளத்துக்கு!

எப்படி நடந்தது?

2023 ஜூலையில் ட்விட்டரின் பெயரை 'எக்ஸ்' என மாற்றினார் எலான் மஸ்க். அதன் தொடர்ச்சியாக, பதிவுகளில் 'ட்விட்டர்.காம்' என்று எங்கு வந்தாலும் 'எக்ஸ்.காம்' என்று காட்டும்படி செயலியில் மாற்றம் செய்தார்கள். அந்த 'எங்கு வந்தாலும்'தான் வினையானது.

'நெட்ஃப்ளி' என்ற எழுத்துகளோடு 'ட்விட்டர்.காம்' ஒட்டிய ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். செயலி அதன் வாலை மட்டும் மாற்ற, திரையில் 'நெட்ஃப்ளிக்ஸ்.காம்' ஆகிவிட்டது. ஆனால், லிங்க் போனது ஒட்டுப்போட்ட பழைய முகவரிக்கே. கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் பெயருக்கும் இதே கதி!

இரண்டே நாள்களில் 'ட்விட்டர்.காம்' என முடியும் 60 முகவரிகளாவது புதிதாகப் பதிவாகின. நல்லவேளையாக, மோசடிக்காரர்கள் கையில் சிக்கக் கூடாது என்று முந்திக்கொண்டு வாங்கியவர்களே அதில் அதிகம். எக்ஸ் நிறுவனமும் தவற்றைத் திருத்திக்கொண்டது.

சர்வரிலும் இதே பள்ளம்!

வீடு மாறினால், பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது வீட்டுக்கு அனுப்பச் சொல்லி தபால் நிலையத்தில் எழுதிக் கொடுப்போம் அல்லவா? இணையதளங்கள் அதை சர்வரில் எழுதிவைக்கின்றன. அதுதான் 'ரீடைரக்ட்' விதி. நிரந்தர மாற்றத்துக்கு 301, தற்காலிக மாற்றத்துக்கு 302 என்ற எண் உண்டு.

ஒரே சர்வரில் பல முகவரிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உதாரணத்துக்கு, 'கடை.காம்' என்று வருபவர்களைப் புதுத் தளத்துக்கு அனுப்ப ஒரு விதி எழுதுகிறார்கள். பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறிக்காவிட்டால், 'பூக்கடை.காம்' தேடி வருபவரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்! இந்த விதிகளின் மொழியில் புள்ளி என்றால் 'ஏதோ ஓர் எழுத்து' என்றும் பொருள். 'இது வெறும் புள்ளிதான்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய முகவரி புதியதுக்கும், புதியது பழையதுக்குமே அனுப்பினால்? பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்து, பக்கத்தைத் திறக்காமல் நின்றுவிடும். புது வீடு வந்துவிட்டதே என்று பழைய முகவரியைப் புதுப்பிக்காமல் விடுவதும் ஆபத்து. வேறொருவர் அதை வாங்கி, உங்கள் வாசகர்களை வாசலிலேயே மடக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

2024 மே 17 அன்று எக்ஸ் முழுமையாகப் புது முகவரிக்கு மாறியதாக மஸ்க் அறிவித்தார். அதற்குமுன் நடந்த அந்தச் சறுக்கல் சொல்லும் பாடம் நமக்கும்தான். லிங்க்கில் தெரியும் பெயர் வேறு, அது கொண்டுபோய் விடும் இடம் வேறாக இருக்கலாம். பாஸ்வேர்டோ, கார்டு எண்ணோ தட்டுவதற்கு முன் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வால் மட்டும் சரியாக இருந்தால் போதாது. தலையும் சரியாக இருக்க வேண்டும்!