இருமச் சொன்னால் இருமுங்கள்

டூட்டிங் பிராட்வேயில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை. தென்மேற்கு லண்டனின் பெரிய இதய அறுவை மையம்; சுற்றுவட்டார ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு நன்கு பழகிய இடம். பைபாஸ் அறுவை முடிந்த நோயாளியை மறுநாளே நாற்காலியில் உட்காரச் சொல்வதும் இருமச் சொல்வதும் இன்று எங்கும் வழக்கம். பார்க்க வரும் சொந்தங்களுக்குத்தான் பதறும். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்களே! "அசையாமல் படுங்கோ மாமா" என்பார்கள். பாசம்தான், ஆனால் தவறான யோசனை.

ஆபரேஷனின்போது இதய-நுரையீரல் இயந்திரம் வேலையை ஏற்றுக்கொள்வதால் நுரையீரல் பெரும்பாலும் விரியாமல் கிடக்கிறது. பிறகு வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். நலமாக இருக்கையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நம்மை அறியாமலே பெருமூச்சு விடுகிறோம். மூடிய காற்றறைகளைத் திறப்பது அதுதான். அது குறைந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரலாம். அறுவைக்குப் பின் நுரையீரல் இப்படிச் சுருங்குவதை லண்டன் மருத்துவர் வில்லியம் பாஸ்டர் 1910-லேயே எழுதிவிட்டார்.

மருந்து எளியது. மெதுவாக ஆழ இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, விட வேண்டும். சூட்சுமம் நிறுத்துவதில்: காற்றறைகளுக்கு இடையே உள்ள நுண்துளைகள் வழியே காற்று பரவி, மூடிய அறைகளைத் திறக்கும். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று விட்டால் சளி மேலே வரும். இருமும்போது சுருட்டிய துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

ஸ்வீடனில் பைபாஸ் செய்துகொண்ட 90 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு 30 ஆழ்மூச்சு எடுத்தவர்களுக்கு, நான்காம் நாள் ஸ்கேனில் சுருங்கிய பகுதி மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான்.

மூச்சை உறிஞ்சிப் பந்துகளை மேலேற்றச் சொல்லி நம்மூர் ஆஸ்பத்திரிகளில் கையில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி? மற்றச் சிகிச்சைகளைவிட அது மேல் என்பதற்கு 2012-ன் காக்ரேன் தொகுப்பாய்வில் சான்று கிடைக்கவில்லை. எனக்கு அதில் வேறொரு மனக்குறையும் உண்டு: பந்தை ஏற்றும் உற்சாகத்தில் வெடுக்கென்று உறிஞ்சுகிறார்கள். தேவை நிதானம்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வரும் ஆபத்து அதிகமுள்ள 279 பேரிடம் நடந்த ஆய்வு (2006) இன்னும் ஒரு படி முன்னே போனது. ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்பே மூச்சுத் தசைப் பயிற்சி எடுத்தவர்களில் நிமோனியா கண்டவர்கள் 6.5 சதவீதம், எடுக்காதவர்களில் 16. எனவே ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு, வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.