பழைய கல்யாண விசிடியை மாற்றப் போகிறீர்களா?

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த பல தமிழ்த் திருமணங்கள் இன்னும் விசிடியிலோ டிவிடியிலோதான் இருக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவி இன்று பல வீடுகளில் இல்லை. புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமும் இல்லை. பென்டிரைவுக்கு மாற்றித் தரக் கடையில் கொடுக்கும் முன் சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டும் 12 சென்டிமீட்டர் தட்டுகள்தான்; கொள்ளளவு வேறு. விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடப் படம் அடங்கும். ஒரு கல்யாணம் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தது அதனால்தான். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்.

அடுத்தது 'ரெசலூஷன்', அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் அளவு. நம் வட்டார விசிடியில் 352க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720க்கு 576, அதாவது நான்கு மடங்கு. பெரிய தொலைக்காட்சியில் விசிடி மங்கலாகத் தெரிவது தட்டு கெட்டுப்போனதால் அல்ல. "எச்டியாக்கித் தருகிறோம்" என்பவருக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். கேமராவும் தட்டும் அன்று பதியாத விவரத்தை இன்று எவராலும் மீட்க முடியாது.

'கோடெக்' என்பது படத்தையும் ஒலியையும் சுருக்கும் முறை. விசிடிக்கு எம்பெக்-1, டிவிடிக்கு எம்பெக்-2. சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். ஒலியும் அப்படித்தான்: ஆடியோ சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட், 128 கிலோபிட் எம்பி3யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். அந்த எம்பி3யைத் திரும்ப சிடியில் பதிந்தாலும் போனது வராது. ஆகவே தட்டில் உள்ள கோப்புகளை முதலில் அப்படியே நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். கைப்பேசியில் பார்க்க எம்பி4 வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

கடையில் விற்ற சினிமாத் தட்டுகள் அச்சில் அழுத்தப்பட்டவை. கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது பெரும்பாலும் சாயப்படலத்தில் லேசரால் எழுதியது. வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அதற்கு ஆகாது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்திக் காப்பார்கள். ஆனால் விசிடியில் பதிவுப் படலம் இருப்பது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றே கீழே. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதும், ஒட்டிய காகிதத்தைப் பிய்ப்பதும்தான் பெரிய ஆபத்து. டிவிடியில் அது இரு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து வெளிப்புறமாக நேராகத் துடைக்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் தாலி கட்டும் காட்சியோடு நிறுத்திவிடாமல் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். தட்டில் பதிவு நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. தட்டு நிறையப் பதிந்திருந்தால், அடிக்கடி கைபட்ட அந்த விளிம்பில்தான் பெரியவர்கள் வரிசையாக வந்து ஆசீர்வதிக்கும் காட்சி இருக்கும்.