நிர்வாகிக்கும் ஒரு பூட்டு

ரயில் நிலையத்தில் சிக்னல்களை இயக்கும் ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம்; மற்றொன்று சிக்னல் பராமரிப்பாளரிடம். ஸ்டேஷன் மாஸ்டர் மீது அவநம்பிக்கை கொண்டு செய்த ஏற்பாடு அல்ல இது. உள்ளே ஒரு ஒயர் மாறினால்கூட, பேனலில் தெரியும் விளக்கை யாரும் நம்ப முடியாது என்பதுதான் காரணம்.

கணிப்பொறியில் அத்தகைய அறை, அதன் நினைவகம். நமது பாங்க் பாஸ்வேர்டு, பிள்ளைக்கு எழுதும் கடிதம், கணிப்பொறியை ஆளும் கெர்னலின் சொந்தக் கட்டளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஒரு புரோகிராம் மற்றொன்றின் பகுதியை எட்டிப் பார்க்காமல் காப்பது கெர்னலின் பொறுப்பு.

லினக்ஸ் கெர்னலில் 'டெவ்-மெம்' என்று ஒரு வாசல் உண்டு. முன்பெல்லாம் அதன் வழியே நினைவகம் முழுவதையும் நேரடியாகப் படிக்கலாம், திருத்தலாம். 'ரூட்' எனும் நிர்வாகிக்கு மட்டுமே அந்த அனுமதி. திரையை இயக்கும் எக்ஸ் சர்வர் போன்றவற்றுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் நிர்வாகியின் அதிகாரம் திருடன் கைக்குப் போனால் என்ன ஆகும்? கெர்னலையே திருத்தி, தான் உள்ளே இருப்பதே தெரியாமல் மறைந்துகொள்வான்.

இதற்கான பூட்டு 2008-இல் வெளிவந்த 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. இன்று அதன் பெயர் 'ஸ்ட்ரிக்ட் டெவ்மெம்'. இதைப் போட்டால், சாதனங்களுக்குரிய முகவரிகளும் பயாஸ் இருக்கும் தொடக்கப் பகுதியும் தவிர, மற்ற நினைவகம் நிர்வாகிக்கும் கிடையாது. 2016-இல் வந்த 4.5 பதிப்பில், டிரைவர்கள் பயன்படுத்திவரும் சாதன முகவரிகளையும் மூட வழி செய்தார்கள். 'டெவ்-கேமெம்' என்ற இன்னொரு வாசலை 2021-இல் 5.13 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் நிபுணர்கள் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. எக்ஸினோஸ் சிப் பொருத்திய சில சாம்சங் காலக்ஸி போன்களில், இதே போன்ற ஒரு வாசல் எல்லாச் செயலிகளுக்கும் திறந்து கிடந்தது 2012 டிசம்பரில் தெரியவந்தது. விளையாட்டுக்காக இறக்கிய செயலிகூட நினைவகம் முழுவதையும் படித்திருக்க முடியும். பிறகு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

ஆகவே வாசகர்களே, போனில் 'அப்டேட்' என்று வந்தால் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் ஏதேனும் வேலைக்காக இந்தப் பூட்டைத் தளர்த்தினால், வேலை முடிந்த கையோடு திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.