கழுத்து வலி எல்லாமே மொபைல் வலி இல்ல!

கடலூர் ஓ.டி.யில் இருக்கிற என் சித்தப்பா பையனுக்கு வயசு 19. ஒரு வருஷமா கழுத்து வலி. வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம் ஒண்ணுதான்: "எந்நேரமும் போனையே குனிஞ்சு பார்த்தா வலிக்காம என்ன செய்யும்?" தலையணை மாத்தினாங்க, தைலம் தேய்ச்சாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. எக்ஸ்ரேயில் ஒண்ணும் தெரியல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எழுப்பிவிட்டுடும். ஒரு வலி மாத்திரை போட்டா அடங்கிடும். போகப் போகத் தலை ஒரு பக்கமா சாய்ஞ்சே நிக்க ஆரம்பிச்சுது. கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டாக்டர் இதையெல்லாம் பொறுமையா கேட்டுட்டு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது கழுத்தெலும்பின் பின்பக்கத்தில், கொண்டைக்கடலை அளவுகூட இல்லாத ஒரு கட்டி.

"கட்டி"ன்னு கேட்டதும் சித்தி அழுதுட்டாங்க. அன்னிக்கு எங்களுக்குத் தெரியாம இருந்ததைத்தான் இங்க எழுதறேன்.

கட்டின்னா கேன்சரா?

இல்ல. அவனுக்கு வந்தது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. 1935இல் ஹென்றி ஜாஃப் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். இது உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவாது. பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் வரும், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். கட்டிக்குள் புராஸ்டாகிளான்டின் என்ற ரசாயனம் நிறைய சுரக்கிறதுதான் வலிக்குக் காரணம். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அதைத்தான் தடுக்கும், அதனாலதான் அவ்வளவு சீக்கிரம் கேட்குது.

இதே குடும்பத்தில் பெரியவன் ஆஸ்டியோபிளாஸ்டோமா. சுமார் 2 செ.மீ.க்கு மேல் வளரும், மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது, நரம்பையும் அழுத்தலாம். ரத்தம் நிரம்பிய அனூரிஸ்மல் போன் சிஸ்ட் இன்னொரு வகை. அதில் ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டிக்குப் போற ரத்தக்குழாய்களை அடைச்சுடுவாங்க, இல்லன்னா ரத்தப்போக்கு அதிகமாகும்.

எக்ஸ்ரே ஏன் கோட்டை விடுது?

கழுத்தில் 7 எலும்புகள். எக்ஸ்ரேயில் அவற்றின் நிழல்கள் ஒண்ணு மேல ஒண்ணா விழும். சின்ன கட்டி அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். சி.டி. அதே இடத்தை மெல்லிய துண்டு துண்டா காட்டும். அந்த சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்ல, ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர்! 1971இல் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தாங்க, 1979இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைச்சுது.

ஆபரேஷனில் என்ன கஷ்டம்?

சிலருக்கு மாத்திரையிலேயே சில வருஷத்தில் வலி அடங்கிடும். வலி தாங்க முடியாம போனாலோ, கழுத்து வளைய ஆரம்பிச்சாலோ கட்டியை எடுக்கணும். கை, கால் எலும்பில் வந்தா ஊசி வழியா ரேடியோ அலை வெப்பம் கொடுத்தே எரிச்சுடலாம். கழுத்தில் அதை யோசிச்சுத்தான் செய்யணும். நடுவில் தண்டுவடம், பக்கத்தில் கைக்குப் போற நரம்புகள், எலும்பின் பக்கவாட்டுத் துளை வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய். எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு.

அதனால முதல் பிரச்சினை, கட்டி சரியா எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. குறைவா எடுத்தா திரும்ப வரும், அதிகமா எடுத்தா கழுத்து பலம் இழக்கும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு இதுக்கு கம்ப்யூட்டர் நேவிகேஷனைப் பயன்படுத்தி, 2008இல் 'ஸ்பைன்' ஆய்விதழில் எழுதினாங்க. ஆபரேஷன் மேஜையிலேயே முப்பரிமாணப் படம் எடுத்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தா, கருவியின் முனை எலும்பில் எங்க இருக்குன்னு திரையில் தெரியும். நம்ம போன் மேப்பில் நீலப்புள்ளி நகர்ற மாதிரி.

ரெண்டாவது பிரச்சினை லோடு. தலையின் எடை சுமார் 5 கிலோ. எலும்புகள் சேர்ற மூட்டை முழுசா எடுக்க வேண்டி வந்தா, அந்தப் பாரத்தைத் தாங்க டைட்டானியம் ஸ்க்ரூவும் ராடும் போட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இணைப்பாங்க. அந்த இடத்தில் கழுத்து திரும்புறது கொஞ்சம் குறையும்.

தாமதிச்சா என்ன?

வலி ஆரம்பிச்சு சுமார் 15 மாசத்துக்குள் கட்டியை எடுத்துட்டா, வளைவு பெரும்பாலும் தானாவே சரியாகும். தாண்டிட்டா அந்த வாய்ப்பு குறையும். என் தம்பிக்கு 13ஆவது மாசத்தில் ஆபரேஷன் நடந்தது. மூட்டில் பாதிக்கு மேல் தப்பிச்சதால ஸ்க்ரூ தேவைப்படல. ஒரு வாரத்தில் மாத்திரை இல்லாம தூங்கினான். தலை நேராக மூணு மாசம் ஆச்சு.

நம்மில் பலருக்கு லேப்டாப்பால வர்ற வலி ஓய்வெடுத்தா குறையும். ஆனா ராத்திரி எழுப்புற வலி, மாத்திரைக்கு அடங்கித் திரும்பத் திரும்ப வர்ற வலி, ஒரு பக்கமா சாயுற தலை, இதில் எது இருந்தாலும் எலும்பு டாக்டரைப் பாருங்க. கை மரத்துப் போனா, பிடி தளர்ந்தா அன்னிக்கே போங்க. தூரமும் இல்ல. நாம இன்னும் ராஜா முத்தையான்னு சொல்ற சிதம்பரம் ஆஸ்பத்திரி இப்போ கடலூர் மாவட்டத்தோட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போனதும் "கழுத்து வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்போ வலிக்குது, எதில் அடங்குதுன்னும் சொல்லுங்க. அதைச் சொன்ன பிறகுதான் தம்பிக்கு ஸ்கேன் எழுதினாங்க.