பூச்சாடியும் பரிசோதனையும்: வீட்டுச் செடிவளர்ப்பு உத்திகளை உரைத்துப் பார்த்தல்

வீட்டு விறாந்தையிலும் யன்னலோரத்திலும் சாடிகளிற் செடி வளர்ப்போரிடையே எண்ணற்ற உத்திகள் வழங்கி வருகின்றன. வெட்டிய தண்டின் அடியிற் கறுவாத்தூளைத் தடவினால் விரைந்து வேர்விடும்; இளநீரில் ஊறவைத்தால் எத்தண்டும் பிழைக்கும்; சாடியின் அடியிற் கற்களைப் பரப்பினால் நீர் தேங்காது; முட்டைக்கோதை நொறுக்கியிட்டாற் செடி செழிக்கும் என்பன அவற்றுட் சில. இவற்றுட் சில வழிவழி வந்தவை. சில விற்பனை நோக்கிற் பரப்பப்பட்டவை. வேறு சில விஞ்ஞானத்தின் பெயரால் உலாவுபவை. இவை மெய்யா பொய்யா என வினவுவதற்கு முன்னர், மெய்யையும் பொய்யையும் எவ்வாறு பிரித்தறிவது என வினவுதல் வேண்டும். அவ்வினாவை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வுக்குரிய ஏடொன்றில் பூச்சாடி பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் தாவரங்களைக் கூர்ந்து நோக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் புறத்தே வன்மையுடையவற்றைப் புல் எனவும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் எனவும் வகுக்கின்றது. இது நூலறிவால் மாத்திரம் தோன்றிய பாகுபாடன்று. பனையையும் மூங்கிலையும் வேங்கையையும் வெட்டியும் பிளந்தும் பயன்படுத்திய கைகளின் அனுபவம் இதன் பின்னணியில் உண்டு. இப்பாகுபாடு செடிப் பெருக்கத்திலும் பயன்படுவதைக் காணலாம். கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, அவ்விடத்தை ஈரத் தும்புத்தூளாற் பொதிந்து வேர்விடச் செய்யும் பதிவைத்தல் முறை, அகத்தே வன்மையுடைய மரஞ்செடிகளுக்கே பொருந்தும். பனையிலே உரித்தெடுக்கத்தக்க அத்தகைய பட்டை இல்லை. எனினும் அனுபவம் முழுவதும் அறிவாகிவிடுவதில்லை. அனுபவத்தை அறிவாக மாற்றுவது ஒப்பீடேயாகும்.

1. செடியின் இயல்பும் உத்தியின் புகழும்

மணிபிளாண்ட் கொடியை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டில் இலை தோன்றும் இடமாகிய கணுவிலே வேர்முனைகள் முன்னரே அமைந்துள்ளன. கணுவொன்றுடன் கூடிய துண்டை வெறும் நீரில் இட்டாலும், நல்ல சூழ்நிலையிற் சில வாரங்களுள் அது வேர்விட்டுவிடும். கணுவின்றி இலையை மாத்திரம் காம்புடன் கிள்ளி நீரிலிட்டால், அது நெடுநாள் பசுமையாக இருக்கலாம். சிலவேளை வேரும் விடலாம். ஆனால் அதிலிருந்து புதிய தளிர் தோன்றுவதில்லை.

இத்தகைய கொடிக்கு ஒருவர் கறுவாத்தூளும், மற்றொருவர் தேனும், வேறொருவர் இளநீரும் இடுகின்றனர் எனக் கொள்வோம். மூவரது கொடிகளும் பெரும்பாலும் வேர்விடும். மூவரும் தத்தம் உத்தி பலித்ததாகவே கூறுவர். அவர்கள் பொய்யுரைக்கவில்லை. செடியின் இயல்பான ஆற்றல் உத்தியின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது என்பதே இங்கு நிகழ்வது.

இதனுடன் மேலும் இரு காரணங்கள் சேர்கின்றன. புதிய உத்தியொன்றைக் கையாளத் தொடங்குபவர் அன்றுமுதல் செடியை அதிகமாகக் கவனிக்கின்றார். நீரையும் ஒளியையும் சீர்செய்கின்றார். பயன் எதனால் விளைந்தது என்பதை இந்நிலையிற் பிரித்தறிய இயலாது. அன்றியும் செடி பிழைத்தவர் அதனைப் பலருக்கும் எடுத்துரைப்பார்; செடி பட்டுப்போனவர் பெரும்பாலும் மௌனமாகிவிடுவார். எனவே நாம் செவியுறும் செய்திகள் யாவும் ஒருபக்கம் சாய்ந்தனவாகவே அமைந்துவிடுகின்றன.

2. ஒப்பீட்டுச் சாடி

இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒத்த பருமனும் ஒத்த எண்ணிக்கையான கணுக்களும் உடைய எட்டுத் துண்டுகளை வெட்டியெடுத்தல் வேண்டும். எவை நான்கு உத்திக்குரியவை, எவை நான்கு வெறுமனே நடப்படுபவை என்பதை நமது விருப்பத்தால் தெரியாமல், சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் வேண்டும். இல்லையேல் வளமான துண்டுகளை நம்மையறியாமலே உத்தியின் பக்கம் சேர்த்துவிடுவோம். மண், நீர், ஒளி, இடம் ஆகியன எட்டுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். எதனை வெற்றி எனக் கொள்வது, எந்நாளிற் கணக்கெடுப்பது என்பன தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்படல் வேண்டும். இயலுமாயின், எது எத்தொகுதியைச் சேர்ந்தது என அறியாத வீட்டார் ஒருவரைக் கொண்டு வேர்களைக் கணக்கிடச் செய்தல் நன்று.

எட்டுத் துண்டுகள் போதுமா எனும் வினா இங்கு எழும். இதற்கு விடைகாணும் வழியை 1935இல் வெளியான 'பரிசோதனைகளின் அமைப்பு' என்னும் நூலில் ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர் விளக்கினார். அவர் காட்டிய உதாரணமும் வீட்டுச் சூழலுக்கு உரியதே. தேநீரில் முதலில் ஊற்றப்பட்டது பாலா சாயமா என்பதைச் சுவையால் அறிவேன் என ஒரு பெண்மணி கூறுகின்றார். ஒவ்வொரு வகையிலும் நான்காக எட்டுக் கோப்பைகள் அவர்முன் ஒழுங்கின்றி வைக்கப்படுகின்றன. எட்டிலிருந்து நான்கைத் தெரியும் வழிகள் 70 உள. ஆகவே எதுவும் அறியாத ஒருவர் தற்செயலாக நான்கையும் சரியாகச் சொல்லுதல் எழுபதில் ஒருமுறையே நிகழக்கூடும்.

இக்கணக்கை அப்படியே நமது சாடிகளுக்குப் பொருத்தலாம். எட்டில் நான்கு துண்டுகள் வேர்விட்டன எனக் கொள்வோம். அந்நான்கும் உத்தி கையாளப்பட்டவையே எனின், அது தற்செயலாதல் 70இல் 1. மூன்று உத்தியின் பக்கமும் ஒன்று மறுபக்கமும் எனின், அத்தகைய அல்லது அதனினும் மேலான பேறு தற்செயலாக வாய்த்தல் 70இல் 17. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று. மூன்றுக்கு ஒன்று என்பது கண்ணுக்குப் பெருவெற்றியாகத் தோன்றினும், கணக்கின் முன் அது வலுவற்ற சான்றேயாகும். எட்டுத் துண்டுகளும் வேர்விடின், அச்சோதனை உத்தியைப் பற்றி எதனையும் கூறாது. எனவே, எளிதில் வேர்விடாத செடியைத் தெரிவதே சோதனைக்கு உகந்தது.

3. சில உத்திகள்

கறுவாவில் உள்ள சில சேர்வைகள் ஆய்வுகூடத்திற் பங்கசுகளின் வளர்ச்சியைத் தடுப்பது அறியப்பட்டதே. ஆனால் பங்கசைத் தடுத்தல் வேறு. வேரைத் தோற்றுவித்தல் வேறு. வேரைத் தூண்டுவன ஒட்சின் எனப்படும் ஓமோன் வகையைச் சார்ந்தவை. 1930களின் நடுப்பகுதியில் இன்டோல் அசற்றிக் அமிலமும், அதனையொத்த இன்டோல் பியூற்றிக் அமிலமும் வெட்டுத்துண்டுகளை வேர்விடச் செய்வது நிறுவப்பட்டது. கடைகளில் விற்கப்படும் வேர்த்தூள்களில் பின்னையதோ அதனையொத்த வேறொரு செயற்கை ஒட்சினோ இடம்பெறுவது வழக்கம். கறுவாத்தூளை அவற்றுக்கு ஈடாகக் கருத இடமில்லை.

இளநீர் பற்றிய நம்பிக்கை இன்னும் சுவையானது. 1941இல் வான் ஓவர்பீக்கும் அவரது உடனாய்வாளரும், ஊமத்தையின் இளம் முளையங்களை வளர்ப்பதற்குத் தேங்காயின் நீர் உதவுவதைக் காட்டினர். பின்னர் இழைய வளர்ப்பில் அது பெரிதும் பயன்பட்டது. கலப்பிரிவைத் தூண்டும் சைற்றோகைனின் வகைப் பதார்த்தங்கள் அதில் உள்ளமை பிற்காலத்தில் தெரியவந்தது. எனினும் 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலை இழையத்தைக் கொண்டு காட்டியவாறு, ஒட்சின் மிகும்போது வேரும் சைற்றோகைனின் மிகும்போது தளிரும் தோன்றுகின்றன. ஆதலின் விஞ்ஞான அடிப்படை உண்டு என்ற காரணத்தால் இளநீர் வேருக்கு உகந்தது எனக் கூறிவிட முடியாது. மேலும் அதிலுள்ள வெல்லம் நுண்ணுயிர்களையும் பெருகச்செய்யும். ஓர் உண்மையின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து வேறோர் இடத்திற் பொருத்துவதாலும் தவறான முடிபு பிறக்கலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

சாடியின் அடியிற் கல் பரப்புவது நீரை வடியச் செய்யும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. நுண்ணிய இடைவெளிகளையுடைய மண்ணிலிருந்து அகன்ற இடைவெளிகளையுடைய கற்படைக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலுள்ள மண்ணின் அடிப்பகுதி நிரம்பிய பின்னரே அது இறங்கும். ஆகவே கற்படை ஈரப்படையை அகற்றுவதில்லை. அதனை வேருக்கு அண்மையாக உயர்த்திவிடுகின்றது. இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஒரு பஞ்சுக்கட்டி போதும். நனைந்த செவ்வகக் கட்டியைத் தட்டையாகப் பிடித்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து, பின்னர் நெடுக்காக நிமிர்த்தினால் மேலும் நீர் வடியும். ஊடகத்தின் உயரம் குறையுமிடத்து அது பற்றிவைக்கும் நீரின் விகிதம் மிகும் என்பதே இதன் பொருள். சாடிக்கு வேண்டுவது கற்படையன்று. அடித்துளையும் பொருத்தமான மண்கலவையுமே.

முட்டைக்கோது பெரும்பாலும் கல்சியங் காபனேற்று ஆகும். அமிலத்தன்மை குறைந்த மண்ணில் அது மிக மெதுவாகவே கரையும். மாதங்கள் கழிந்தபின் மண்ணைக் கிளறுவோர் கோதுத் துண்டுகளை அவ்வாறே காண்பர்.

எல்லா உத்திகளும் பொய்யல்ல என்பதையும் கூறல் வேண்டும். சன்செவேரியாவின் இலைத்துண்டைத் தலைகீழாக நட்டால் வேர்விடாது என்பது மெய். தண்டும் இலையும் மேல், கீழ் எனும் திசையுணர்வை வெட்டியபின்னும் இழப்பதில்லை. அதன் மஞ்சள் விளிம்புடைய வகையை இலைத்துண்டால் பெருக்கினால், பிறக்கும் செடிகள் மஞ்சள் விளிம்பை இழந்து பச்சையாகவே அமையும். விளிம்பைப் பேண வேண்டுமாயின் கிழங்கைப் பிரித்தே நடல் வேண்டும். இவற்றை எவரும் தம் வீட்டிலேயே கண்டறியலாம்.

4. பரிசோதிக்கும் உரிமை எவருக்கு?

ஒட்சின் பற்றிய அறிவின் தோற்றுவாய் ஒரு வீடேயாகும். சாள்ஸ் டார்வினும் அவரது மகன் பிறான்சிசும் கென்ற் மாநிலத்திலிருந்த தம் இல்லத்தில், புல்லினமொன்றின் நாற்றுக்களில் நுனியை மூடியும் அடியை மூடியும் சோதித்தனர். ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என்பதை அவர்கள் 1880இல் வெளியிட்ட நூலிற் காட்டினர். அக்காலத்திற் பெரும் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கிய ஜேர்மன் அறிஞர் யூலியஸ் சாக்ஸ், வேர்நுனி பற்றிய அவர்களது பரிசோதனைகளைத் தேர்ச்சியற்றவை எனப் புறந்தள்ளினார். ஆனால் வீட்டிற் பிறந்த அவ்வினாவே பின்னர் வென்ற் முதலியோரின் கைகளில் ஒட்சினின் கண்டுபிடிப்பாக வளர்ந்தது.

நமது மலையகத்திலும் இதற்குச் சான்றுண்டு. ஓர் இலையும் அதன் கக்கத்திலுள்ள அரும்பும் சிறு தண்டும் கொண்ட துண்டிலிருந்து தேயிலைக் கன்றை உருவாக்கும் முறை இன்று இந்நாட்டுத் தேயிலைச் செய்கையின் அடித்தளமாகும். அம்முறையில் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பணி நன்கறியப்பட்டது. துண்டை எவ்விடத்தில் வெட்டுவது, நிழல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதை நாள்தோறும் நாற்றுமேடையிற் கையால் அறிந்த தொழிலாளரின் அறிவோ ஏடுகளில் இடம்பெறுவது அரிது. வீட்டுச் சாடிகளைப் பேணும் பெண்களின் அறிவும் இவ்வாறே 'கைராசி' என்னும் சொல்லுள் அடக்கப்பட்டுவிடுகின்றது. கைராசி என்பது பெரும்பாலும் பெயரிடப்படாத நோக்கும் நினைவுமேயாகும். அதனைப் போற்றுவதாயின் புகழ்ந்துவிட்டு அமைதல் போதாது. ஒப்பிட்டு, எழுதி, பிறரும் சோதிக்கத்தக்கதாக்குதல் வேண்டும்.

5. அதிகாரமும் சான்றும்

உழைப்போரின் அறிவைப் போற்றுதல் என்பது சோதனையைத் தவிர்ப்பதற்கான நியாயமாகிவிடலாகாது. இவ்விடயத்தில் முற்போக்காளர் தமது வரலாற்றையும் நேர்மையுடன் நோக்குதல் கடன். சோவியத் நாட்டில் லைசெங்கோ, மக்களின் நடைமுறை அறிவின் பிரதிநிதி எனப் போற்றப்பட்டார். ஆனால் முறையான ஒப்பீட்டுப் பரிசோதனைகளுக்குப் பதிலாகக் கூட்டுப்பண்ணைகளிலிருந்து பெற்ற வினாக்கொத்து விடைகளையே அவர் சான்றாகக் காட்டினார். அவரை மறுத்த தாவரவியலாளர் வாவிலோவ் 1940இற் கைதாகி, 1943இற் சிறையில் இறந்தார். 1948இல் அரச ஆதரவுடன் மரபணுவியலே கண்டனத்துக்குள்ளாக்கப்பட்டது. நடைமுறையே உண்மையின் உரைகல் என்னும் கோட்பாடு, அக்கோட்பாட்டின் பெயராலேயே மீறப்பட்டது.

நம் நாட்டு அனுபவம் இன்னும் அண்மையது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. சேதன உரம் ஈடாகுமா என்பது பயிருக்குப் பயிர், வயலுக்கு வயல் படிப்படியாகச் சோதிக்கப்பட வேண்டிய வினா. அது ஆணையால் தீர்க்கப்பட்டது. விவசாயிகளும் வேளாண்மை அறிஞரும் எழுப்பிய எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நாடே சோதனைச் சாடியாக்கப்பட்டது. ஆனால் ஒப்பீட்டுச் சாடி ஒன்றேனும் வைக்கப்படவில்லை.

சாடியில் ஓர் உத்தி பொய்த்தால் இழப்பது ஒரு தண்டு. வயலிற் பொய்த்தால் இழப்பது ஒரு குடும்பத்தின் உணவு. இரண்டிலும் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றே: இதனைச் செய்யாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பாட்டி சொன்னாலும் வணிகர் சொன்னாலும், பேராசிரியரோ அமைச்சரோ சொன்னாலும் இவ்வினாவிலிருந்து விலக்குப் பெறுதற்கு எவருக்கும் உரிமையில்லை. எட்டுத் துண்டுகளும் எட்டுச் சாடிகளும் கொண்டு இவ்வினாவைக் கேட்கப் பழகிய சமூகம், தன் வயல்கள் மீது பிறப்பிக்கப்படும் ஆணைகளை நோக்கியும் அதனைக் கேட்கும் ஆற்றல் பெறும் என்பது மனங்கொள்ளத்தக்கது.