சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் கீ... வாங்கலாமா? லைசென்ஸ் வகைகளில் என்ன வித்தியாசம்?

'விண்டோஸ் 11 ப்ரோ கீ' என்று ஆன்லைனில் தேடிப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே லோகோ. ஒரு இடத்தில் விலை ஆயிரக்கணக்கில் இருக்கும். இன்னொரு இடத்தில் சில நூறு ரூபாய்தான். இரண்டில் எதைப் போட்டாலும் அன்றைக்கு 'ஆக்டிவேட்டட்' என்று காட்டிவிடலாம். அப்போ எதுக்கு அதிகமா காசு கொடுக்கணும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் புது லேப்டாப் வாங்குபவர்கள், பிசி அசெம்பிள் செய்பவர்கள் என எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பதில், கீயோடு வரும் லைசென்ஸில் இருக்கிறது.

காசு எதுக்கு?

விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் ஃபைலை மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். நாம் காசு கொடுப்பது அதைப் பயன்படுத்தும் அனுமதிக்கு. எழுத்தும் எண்ணுமாக 25 இலக்கத்தில் வரும் ப்ராடக்ட் கீ, வெறும் சாவி. சாவி கையில் இருக்கிறது என்பதற்காக வீடு நம்முடையது ஆகிவிடுமா?

'ஹோம்', 'ப்ரோ' என்பவை எடிஷன்கள். பிட்லாக்கர் முழு வசதி, வேறு இடத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப், ஆபீஸ் டொமைனில் இணைவது போன்றவை ப்ரோவில் கிடைக்கும். லைசென்ஸ் வகை என்பது வேறு கணக்கு. ஹோமிலும் ப்ரோவிலும் கீழே உள்ள முதல் இரண்டு வகைகளும் உண்டு.

1. ஓ.இ.எம்: மெஷினோடு பிறந்தது

கடையில் வாங்கும் லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால், அது பெரும்பாலும் ஓ.இ.எம் லைசென்ஸ். கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தருவது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இந்தக் கீ மதர்போர்டு சிப்பிலேயே பதிந்து வருகிறது. அதனால் ஃபார்மேட் செய்து அதே எடிஷனை மறுபடி போட்டால், கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும்.

சிக்கல் எங்கே? இந்த உரிமை அந்த மெஷினோடு கட்டப்பட்டது. லேப்டாப்பை விற்றால் அதோடு போய்விடும். புது மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது. ரேம், ஹார்டு டிஸ்க் மாற்றலாம். பழுதான மதர்போர்டை அதே கம்பெனி மாற்றித் தந்தாலும் பிரச்னை இல்லை. ஆனால் வேகம் வேண்டும் என்று நீங்களாக வேறு மதர்போர்டு போட்டால், விதிப்படி அது புது கம்ப்யூட்டர், புது லைசென்ஸ் வேண்டும்.

2. ரீடெய்ல்: உங்களோடு வருவது

தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. விலை அதிகம். அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோமுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் விலை 139 டாலர், ப்ரோவுக்கு 199.99 டாலர். இந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது இடம் மாற்றும் உரிமை. பழைய பிசியிலிருந்து நீக்கிவிட்டு புதிதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு மெஷினில் மட்டும்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மதர்போர்டு மாற்றும் கேமர்கள், வீடியோ எடிட்டர்களுக்கு இதுதான் லாபம்.

3. வால்யூம்: ஆபீஸுக்கு உரியது

நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது. இதில் கே.எம்.எஸ் என்றொரு முறை உண்டு. ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ள ஒரு சர்வரோடு பேசித்தான் கம்ப்யூட்டர் ஆக்டிவேட் ஆகும். அந்த ஆக்டிவேஷனின் ஆயுள் 180 நாள். அதற்குள் திரும்ப சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எம்.ஏ.கே என்ற இன்னொரு வகையில், ஒரே கீயை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு இருக்கும்.

இந்த உரிமை நிறுவனத்துக்குத்தான் சொந்தம். வேலையை விட்டால், வீட்டு லேப்டாப்பில் போட்டுவைத்த ஆபீஸ் கீயும் உங்களுடையது இல்லை.

அப்போ அந்த மலிவு கீ எது?

மலிவு கீக்கள் பல வழிகளில் சந்தைக்கு வருகின்றன. பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த ஓ.இ.எம் கீ, நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீ, வேறு நாட்டுக்கான கீ, திருட்டு கார்டில் வாங்கிய கீ என எதுவாகவும் இருக்கலாம். வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்று வேலை செய்யும். அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கினாலோ, எண்ணிக்கை தீர்ந்தாலோ திரையின் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது விற்றவர் அங்கே இருப்பாரா என்பதுதான் கேள்வி.

'பழைய லைசென்ஸை விற்கலாம்னு கோர்ட்டே சொல்லியிருக்கே' என்று சிலர் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-ல் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்தாதபடி நீக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அது ஐரோப்பியத் தீர்ப்பு, இந்தியச் சட்டம் ஆகாது.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, பதிப்புரிமையை மீறிய சாஃப்ட்வேர் நகலைத் தெரிந்தே பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லாதபோது நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். ஃப்ரீலான்ஸ் வேலைக்கும் சின்ன ஆபீஸுக்கும் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

உங்க கம்ப்யூட்டர்ல எது இருக்கு?

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். டிஸ்கிரிப்ஷன் வரியின் கடைசியில் ஓ.இ.எம், ரீடெய்ல், வால்யூம் என்று இருக்கும். டி, எல், ஐ-க்குப் பதில் எக்ஸ், பி, ஆர் அடித்தால், ஆக்டிவேஷனுக்குக் காலாவதி தேதி உண்டா என்று தெரியும். பழைய விண்டோஸிலிருந்து இலவசமாக அப்கிரேடு ஆன மெஷினில் 'ரீடெய்ல்' என்று காட்டலாம். அதை மட்டும் நம்பி, வேறு மெஷினுக்கு மாற்றும் உரிமை இருப்பதாக முடிவு செய்ய வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பார்த்துவிடுங்கள். தனியாள் விற்கும் மெஷினில் 'வால்யூம்' என்று வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

யாருக்கு எது சரி?

* புது லேப்டாப் வாங்குபவர்கள்: விண்டோஸோடு வரும் மாடலே போதும். 'டாஸ்' லேப்டாப் விலை குறைவுதான். ஆனால் விண்டோஸ் தனியாக வாங்கும் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

* பிசி அசெம்பிள் செய்பவர்கள்: அடிக்கடி பார்ட்ஸ் மாற்றுவீர்கள் என்றால் ரீடெய்ல். மறக்காமல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு இணைத்துவையுங்கள். ஹார்டுவேர் மாற்றிய பிறகு மறுபடி ஆக்டிவேட் செய்ய அது உதவும்.

* விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்: லைசென்ஸ் முறையானதாகவும், கம்ப்யூட்டர் டி.பி.எம் 2.0 உள்ளிட்ட தகுதிகளோடும் இருந்தால் விண்டோஸ் 11 இலவச அப்கிரேடுதான். கீ வாங்கவே தேவையில்லை. கையில் பழைய விண்டோஸ் 7, 8 கீ இருக்கிறதே என்றால், அந்த வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

* பிரவுசிங், ஆபீஸ் டாக்குமென்ட், கோடிங் மட்டும்தான் வேலை என்பவர்கள்: உபுண்டு போன்ற லினக்ஸ் முற்றிலும் இலவசம், எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். வேலைக்குத் தேவையான சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீ வாங்குவதுதான் முடிவு என்றால், பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இது எந்த வகை லைசென்ஸ், வேறு மெஷினுக்கு மாற்றலாமா, ஜி.எஸ்.டி பில் தருவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.