பெயர் மாறிய தீவன மூட்டை

கால்நடைகளுக்கென்று கடையில் வாங்கும் மருந்துகளிலும் தாதுச் சரக்குகளிலும் சில வெண்ணிறத் தூளாகவே இருக்கின்றன. இது இன்னதென்று கண்ணால் அறிதல் அரிது. மூட்டையின்மேல் எழுதியுள்ள பெயரை நம்பியே குடியானவர்கள் அதைத் தீவனத் தொட்டியில் இடுகின்றனர். அப்பெயரில் தவறு நேர்ந்தால் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1973-ஆம் வருஷம் நடந்த சம்பவம் தக்க சான்றாகும்.

அம்மாகாணத்து செயின்ட் லூயிஸ் என்னும் ஊரில் மிச்சிகன் கெமிக்கல் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கே இரண்டு சரக்குகள் தயாராயின. ஒன்று, ‘நியூட்ரிமாஸ்டர்’ என்னும் மக்னீஷியம் ஆக்ஸைடு. பசுக்களின் இரைப்பைப் புளிப்பைத் தணிக்கத் தீவனத்தில் சேர்ப்பது. மற்றொன்று, ‘பயர்மாஸ்டர்’ என்னும் புரோமின் கலந்த ரசாயனம். பிளாஸ்டிக் பொருள்கள் எளிதில் தீப்பற்றாதிருக்கக் கலப்பது. பெயர்களும் ஒத்திருந்தன, அரைத்த தூள்களும் ஒத்திருந்தன. வழக்கமாக அச்சிட்ட பைகள் தீர்ந்துபோகவே, இரண்டும் பழுப்புநிறக் காகிதப் பைகளில் கட்டப்பட்டு, பெயர் மட்டும் மேலே பொறிக்கப்பட்டது. 50 ராத்தல் கொண்ட பயர்மாஸ்டர் மூட்டைகள் 10 முதல் 20 வரை, தீவனச் சரக்கென்று பேட்டில் கிரீக் நகரத் தீவன ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆலையிலும் எவரும் ஐயுறவில்லை.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அப்பக்கத்துப் பசுக்கள் தீவனத்தை வெறுத்தன, பால் குன்றியது, குளம்புகள் அளவுமீறி வளர்ந்தன, கன்றுகள் மாண்டன. இது பிணியோ, பராமரிப்புக் குறையோ என்று பலரும் எண்ணினர். பால்பண்ணை உடையவரும் ரசாயனப் பொறியியல் கற்றவருமான பிரெடரிக் ஹால்பர்ட் என்பவர் மட்டும் தீவனத்தின்மீதே ஐயங்கொண்டார். அதைச் சில கன்றுகளுக்குத் தனியே கொடுத்துப் பார்த்தார். அவை நலிந்து இறந்தன. பின்னர் தீவன மாதிரிகளைப் பல சோதனைச் சாலைகளுக்கு அனுப்பினார். 1974-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பெல்ட்ஸ்வில்லில் உள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தார், கலந்திருந்தது பயர்மாஸ்டரே என்று கண்டனர்.

அதற்குள் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் கடந்துவிட்டன. தீவனத்தைத் திரும்பப் பெறும் வேலை அதன் பின்னரே தொடங்கியது. ஆனால் பெரும்பகுதி உண்ணப்பட்டுவிட்டது. ஆலை இயந்திரங்களில் ஒட்டியிருந்த மிச்சம் வேறு தீவனங்களிலும் கலந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகள் தடைசெய்யப்பட்டன. சுமார் 30,000 மாடுகளும், 4,500 பன்றிகளும், 1,500 ஆடுகளும், 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. பாலும் முட்டையும் இறைச்சியும் உண்ட மக்களின் உடலிலும் நஞ்சு சேர்ந்தது. அது கொழுப்பில் தங்குவதாகையால் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவர்களுடைய இரத்தத்தில் காணப்பட்டது.

தவறான சரக்கு விற்கப்பட்டதென்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறுவது சட்டப்படி எளிதே. தெரிவதுதான் கடினம். மிச்சிகனில் அதைத் தெரிவித்தது, எஞ்சியிருந்த தீவனமும், ஒரு பண்ணைக்காரர் விடாது தொடர்ந்த ஐயமுமே ஆகும். ஆகையால் குடியானவர்கள் கவனிக்கத்தக்கவை சில உண்டு. மருந்தாயினும் தீவனமாயினும் அச்சுச் சீட்டும் தொகுதி எண்ணும் இல்லாத மூட்டையை வாங்கலாகாது. காலிப் பையையும் பட்டியலையும் உடனே எறிந்துவிடலாகாது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து, தேதியிட்டு, உலர்ந்த புட்டியில் சில மாதங்கள் வைத்திருத்தல் நலம். புதுச் சரக்கை முதலில் சில உருப்படிகளுக்கே கொடுத்துப் பார்க்கலாம். ஒரே மூட்டையை உண்ட கால்நடைகள் பல ஒருங்கே நோயுற்றால், அதை நிறுத்தி, மாதிரியுடன் கால்நடை வைத்தியரிடம் அறிவிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் இத்தகைய முறையீட்டை ஒருவருடைய வீட்டு விஷயமென்று தள்ளிவிடாது, பக்கத்து ஊர்களிலும் விசாரித்து மேலே எழுதுதல் கடமையாகும். ஒரு தொழுவத்தில் தற்செயல் என்று தோன்றுவது, பத்துத் தொழுவங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது காரணத்தைக் காட்டிவிடும்.